நூறடியில் எழும் விமானம்: அன்றும் இன்றும்

1980-களின் நடுவில், குறுகிய ஓடுதளத்தில் ஏறி இறங்கும் விமானம் ஒன்றைத் தன் கையால் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட அமெரிக்கர் முதலில் ஒரு கடிதம் எழுதினார். சில டாலர் அனுப்பினால் தகவல் புத்தகம் வரும். அது பிடித்துப்போனால் இன்னும் கொஞ்சம் பணம் அனுப்ப, சுருட்டிய வரைபடங்கள் தபாலில் வந்து சேரும். அவற்றை மேசைமேல் விரித்து, இதை என்னால் கட்ட முடியுமா என்று அவர் யோசித்தார். இன்று அதே ஆசை கொண்டவர் முன்னால் பல நிறுவனங்களின் மாதிரிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சில எஞ்சின்கள், சக்கர அமைப்புகள், டயர் அளவுகள், கருவிப்பலகைகள். இவற்றில் எதை வாங்கலாம் என்று அவர் யோசிக்கிறார். முன்னவரின் கேள்வி கையைப் பார்த்தது. பின்னவரின் கேள்வி பணப்பையைப் பார்க்கிறது. நாற்பது ஆண்டு மாற்றத்தின் பெரும்பகுதி இந்த இரண்டு கேள்விகளுக்கு இடையில் அடங்கிவிடும்.

மெதுவாகப் பறக்கும் கலை இவர்களுக்கு முந்தியது. 1930-களிலேயே அதற்கு இரண்டு வழிகள் தெளிவாகிவிட்டன. ஒன்று அமெரிக்க வழி. பைப்பர் ஜே-3 கப் என்ற மஞ்சள் நிற விமானம் எடை குறைந்தது, இறக்கை பெரியது, பின்விளிம்பில் கீழிறங்கும் ஃபிளாப் என்ற மடல் கிடையாது. 65 குதிரைசக்தி எஞ்சினோடு, மணிக்குச் சுமார் 61 கிலோமீட்டர் வரை வேகம் குறைந்தாலும் அது காற்றில் நின்றது. மற்றொன்று ஜெர்மானிய வழி. 1936-இல் பறந்த ஃபீஸ்லர் ஸ்டோர்க் கனத்த விமானம். எஞ்சின் 240 குதிரைசக்தி. இறக்கையின் முன்விளிம்புக்கு முன்னால் ஸ்லாட் எனப்படும் நிலையான சிறுசிறகு, பின்னால் பெரிய ஃபிளாப், கீழே கொக்கின் கால்போல் நீண்ட சக்கரத் தாங்கிகள். அது மணிக்கு 50 கிலோமீட்டர் அளவில்கூடப் பறந்தது. 1943 செப்டம்பரில் கிரான் சாஸ்ஸோ மலைமேல் சிறைவைக்கப்பட்டிருந்த முசோலினியை ஏற்றிக்கொண்டு எழுந்தது இந்த வகை விமானம்தான். பெரிய இறக்கையால் மெதுவாகப் பறப்பது, உறுப்புகள் நிறைந்த இறக்கையால் மெதுவாகப் பறப்பது: பின்னால் வந்த எல்லாமே இந்த இரண்டு வழிகளில் ஒன்றையோ இரண்டின் கலவையையோ பின்பற்றின.

இந்தக் கணக்கின் அடிப்படை எளியது. விமானம் தரையில் ஓடும் தூரம், அது எழும் அல்லது இறங்கும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் ஓட்டம் கால்வாசியாகச் சுருங்கும். எனவே குறுகிய களத்துக்கு விமானம் தேடுகிறவர் ஸ்டால் வேகத்தை, அதாவது இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும் வேகத்தைத்தான் முதலில் பார்க்கிறார். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

வீட்டில் கட்டும் விமானத்துக்கு அமெரிக்காவில் சட்டப்படியான இடம் 1950-களின் தொடக்கத்தில் கிடைத்தது. 1953-இல் பால் போபெரெஸ்னி மில்வாக்கியில் இ.ஏ.ஏ. எனப்படும் சோதனை விமானச் சங்கத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டு நடந்த முதல் கூடுகைக்குப் பதிவு செய்தவர்கள் 150 பேருக்கும் குறைவு. இன்று ஆஷ்காஷ் நகரில் கூடும் அதே விழாவுக்கு 2024-இல் வந்தவர்கள் சுமார் 6,86,000. 1955-இல் ஒரு கைவினை இதழில் பேபி ஏஸ் என்ற ஒற்றை இருக்கை விமானத்தைக் கட்டும் முறை தொடராக வந்தபோது, 800 டாலருக்குள் முடித்துவிடலாம் என்பதே அதன் கவர்ச்சி. இன்றைய எஞ்சின் ஒன்றின் விலையே பல்லாயிரம் டாலர்.

அன்றைய தேர்வுப் பட்டியல் சிறியது. கப் விமானத்தின் சாயலில் வரைபடங்கள் கிடைத்தன. 1983-இல் டீன் வில்சனின் ஏவிட் ஃபிளையர் வந்தது. 1984-இல் ஐடஹோ மாநிலத்தில் டான் டென்னியின் கிட்ஃபாக்ஸ் பறந்தது. இரண்டுக்கும் இறக்கைகள் மடியும். காரின் பின்னால் கட்டி வீட்டுக்கு இழுத்து வந்துவிடலாம். விமான நிலையத்தில் ஹேங்கர் வாடகை கொடுக்க வேண்டாம். எஃகுக் குழாய் உடல், துணி போர்த்திய இறக்கை என்று கப் வழியின் பிள்ளைகளாக இவை இருந்தன.

1986-இல் கிறிஸ் ஹைன்ட்ஸ் மறுவழியில் வந்தார். பிரான்சில் கான்கார்ட் திட்டத்தில் வேலை பார்த்த பொறியாளர் அவர். பிறகு ரோபின் விமான நிறுவனத்தில் இருந்தபடியே தன் வீட்டு விமானத்தைத் தானே கட்டினார். கனடாவுக்குக் குடியேறி 1974-இல் ஜெனேர் நிறுவனத்தைத் தொடங்கினார். ஒலியைவிட வேகமான விமானத்தில் தொடங்கியவர் பேரெடுத்தது மெதுவாகப் பறக்கும் விமானத்தால். சி.எச். 701 என்ற அந்த இரண்டு இருக்கை விமானத்தை அழகானது என்று யாரும் சொன்னதில்லை. தகரப்பெட்டி போன்ற அலுமினிய உடல், தடித்த குட்டை இறக்கை, அதன் முன்விளிம்பில் ஸ்டோர்க் பாணியில் நிலையான ஸ்லாட். ஆனால் ஒவ்வொரு கோணலுக்கும் ஒரு காரணம் இருந்தது.

ஜே-3 கப்பையும் சி.எச். 701-ஐயும் அருகருகே வைத்தால் அந்தக் காரணம் புரியும். கப்பின் இறக்கை நீளம் 35 அடி. 701-இன் இறக்கை நீளம் 27 அடி. முழு எடையோடு பறக்கும்போது கப்பின் இறக்கை சதுர மீட்டருக்கு 33 கிலோ சுமக்கிறது. 701-இன் இறக்கை 44 கிலோ சுமக்கிறது. சுமை கூடினால் ஸ்டால் வேகமும் கூட வேண்டும். ஆனால் 701-இன் ஸ்டால் வேகம் மணிக்கு 48 கிலோமீட்டர், கப்பைவிட 13 குறைவு. ஸ்லாட் செய்த வேலை அது. நூறடி அளவு ஓடினாலே எழுந்துவிடுகிறது. அதற்கான விலை மேலே போனபின் தெரியும். 65 குதிரைசக்தியில் கப் மணிக்கு 75 மைல் போனது. 80 குதிரைசக்தியில் 701 போவது 80 மைல். ஐம்பது ஆண்டு இடைவெளியில், 15 குதிரைசக்தி கூடுதலாகக் கொடுத்து, பயண வேகத்தில் கிடைத்த லாபம் ஐந்தே மைல். இதைப் பொறுக்க முடியாத சில உரிமையாளர்கள் ஸ்லாட்டைக் கழற்றிவிட்டு, இறக்கைமேல் விரலளவுத் தகடுகளை வரிசையாக ஒட்டிப் பறந்தார்கள்.

இன்று இந்தப் பேரத்துக்கு வேறு தீர்வுகள் இருக்கின்றன. தென் கரோலினாவின் ஜஸ்ட் ஏர்கிராஃப்ட் நிறுவனம் 2012-இல் கொண்டுவந்த சூப்பர்ஸ்டால் விமானத்தில் ஸ்லாட் தானே வெளியே வருகிறது, தானே உள்ளே போகிறது. மெதுவாகப் பறக்கும்போது நீள்கிறது. வேகம் கூடினால் காற்றின் அழுத்தமே அதை உள்ளே தள்ளிவிடுகிறது. தரையில் பலமாக விழுந்தாலும் வாங்கிக்கொள்ளும் நீண்ட தாங்கிகள் அதற்கு உண்டு. வாஷிங்டன் மாநிலத்தின் கப்கிராஃப்டர்ஸ் நிறுவனம் பழைய கப் உருவத்தையே எடுத்து, எடையைச் சுரண்டிக் குறைத்து, 180 குதிரைசக்தி எஞ்சின் பொருத்தி கார்பன் கப் என்று விற்கிறது. 65-இல் நிதானமாக ஊர்ந்த விமானத்தின் வடிவம், ஏறத்தாழ மூன்று மடங்கு சக்தியில் இப்போது தாவுகிறது.

எஞ்சின் கதையில் பெரும்பாலும் லாபம்தான். 1980-களில் இந்தச் சிறு விமானங்களைத் தூக்கியவை பெரும்பாலும் ரோட்டாக்ஸ் நிறுவனத்தின் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்கள். இலேசானவை, விலை குறைந்தவை. சொல்லாமல் நிற்கும் குணமும் அவற்றுக்கு உண்டு. 65 குதிரைசக்தி 582 எஞ்சினை 300 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துக் கட்ட வேண்டும். 1989-இல் வந்த நான்கு ஸ்ட்ரோக் 912 இந்தத் துறையையே மாற்றியது. தொடக்கத்தில் குறைவாக இருந்த அதன் காலவரை படிப்படியாக உயர்ந்து 2,000 மணி நேரமாகியிருக்கிறது. 80-இல் தொடங்கிய குடும்பம் 100, 141 என வளர்ந்து, 2023-இல் 160 குதிரைசக்தியைத் தொட்டது. காடும் பாறையுமான நிலத்தின்மேல் பறப்பவருக்கு இதைவிடப் பெரிய பரிசு இல்லை. ஆனாலும் பழைய விமானி எஞ்சின் நிற்கும் என்று எதிர்பார்த்தே பறந்தார். கீழே இறங்க இடம் பார்த்தபடியே போனார். அந்தப் பழக்கம் நம்பகமான எஞ்சினோடு சேர்ந்து தளர்ந்துவிட்டது என்று மூத்தவர்கள் குறைப்பட்டுக்கொள்வதில் நியாயம் உண்டு. முக்கியமாக ஸ்லாட் வைத்த விமானங்களில் அந்தத் தளர்ச்சி ஆபத்து. அவை இலேசானவை, காற்றுத்தடை மிகுந்தவை. மெதுவாக, மூக்கைத் தூக்கிய நிலையில் எஞ்சின் நின்றால் வேகம் நொடிகளில் கரைந்துவிடும். உடனே மூக்கைத் தாழ்த்தாதவருக்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை.

கட்டும் முறையில் நிகழ்ந்த மாற்றம் இன்னும் பெரியது. வரைபடத்திலிருந்து 701 கட்டியவர் அலுமினியத் தகடு வாங்கினார், கோடு கிழித்தார், வெட்டினார், மரத்தில் அச்சு செதுக்கி அதன்மேல் தகட்டைத் தட்டித் தட்டி இறக்கையின் விலா எலும்புகளை உருவாக்கினார். ஒவ்வொரு ரிவெட்டுக்கும் இடம் அளந்து துளையிட்டார். துளை ஒரு வரிசை தவறினால் தகடு வீண். இறக்கை சற்று முறுக்கினால் விமானம் வாழ்நாள் முழுக்க ஒருபக்கம் சாயும். மாலைகளும் சனி ஞாயிறுகளும் ஆண்டுக்கணக்கில் இதிலேயே போயின. தொடங்கியவர்களில் பலர் முடிக்கவில்லை. பாதி இறக்கையோடு விற்பனைக்கு வந்த விமானங்களுக்கு அன்று பஞ்சமே இல்லை.

இன்றைய கிட் எனப்படும் பாகத் தொகுப்பில் தகடுகள் கணினி இயந்திரத்தில் வெட்டுப்பட்டு, முழு அளவுத் துளைகளோடு வருகின்றன. ஒரு பாகத்தின் துளையும் அடுத்த பாகத்தின் துளையும் பொருந்தினால் வேலை நேராக இருக்கிறது என்று பொருள். அச்சுச் சட்டம் தேவையில்லை. சில நூறு மணி நேரத்தில் முடிகிறது. மிசௌரி மாநிலத்தின் மெக்ஸிகோ என்ற ஊரில் இயங்கும், 701 கிட்டை விற்கும் ஜெனித் நிறுவனம், வாங்க நினைப்பவரை இரண்டு நாள் பட்டறைக்கு அழைத்துச் சுக்கானை மட்டும் கட்டச் சொல்கிறது. பிடித்தால் தொடரலாம், பிடிக்காவிட்டால் சுக்கானோடு வீடு திரும்பலாம். இன்னும் வேகம் வேண்டுபவருக்கு, ஸ்போர்ட்ஸ்மேன் விமானத்துக்காக கிளாஸேர் நிறுவனம் இரண்டே வாரத் திட்டம் ஒன்றை நடத்தியது: ஆலைக்கே வந்து, அங்குள்ள தொழிலாளரோடு நின்று கட்டி, தரையில் ஓட்டும் நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

சட்டம் அன்று கேட்டதையே இன்றும் கேட்கிறது: வேலையின் பெரும்பகுதியைக் கட்டுபவர் தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் என்பதால் 51 சதவீத விதி என்று சொல்வார்கள். கட்டி முடித்தவர் தன் விமானத்தின் ஆண்டுச் சோதனையைத் தானே செய்யும் சான்றிதழ் பெறலாம். கட்டியவருக்கான அந்தச் சான்றிதழ் அதை வாங்கும் அடுத்தவருக்குக் கிடைக்காது. கட்டியவனுக்கே விமானத்தின் உள்ளும் புறமும் தெரியும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட விதி இது. ஆயிரம் மணி நேரம் தட்டிய கைக்கு அந்த நம்பிக்கை அப்படியே பொருந்தியது. துளைக்குத் துளை சேர்த்த கைக்கு எவ்வளவு பொருந்தும் என்பது விவாதத்துக்குரியது. ஆனால் துளைக்குத் துளை சேர்த்த விமானம் பெரும்பாலும் நேராகப் பறக்கிறது என்பதில் விவாதமில்லை.

தேர்வைச் சட்டம் வேறு விதமாகவும் வளைத்திருக்கிறது. 2004-இல் அமெரிக்கா இலகு விளையாட்டு விமானப் பிரிவை உருவாக்கியபோது எடை வரம்பு 1,320 பவுண்டு, அதாவது 600 கிலோ. அந்தப் பிரிவுக்கு மருத்துவச் சான்று தேவையில்லை என்பதால், அது கிடைக்காமல் போகுமோ என்று அஞ்சிய வயதான விமானிகள் அந்த வரம்புக்குள் எது வரும் என்று தேடினார்கள். 2008-இல் ஜெனித் கொண்டுவந்த சி.எச். 750 அந்தத் தேடலுக்கான விடை. 701-ஐவிட விசாலமான அறை, தாராளமான எடை. இப்போது அந்த வேலியே நகர்ந்துவிட்டது. 2025 அக்டோபர் முதல் விளையாட்டு விமானி உரிமத்துக்கு எடை கணக்கில்லை. ஃபிளாப் விரிக்காத நிலையில் ஸ்டால் வேகம் மணிக்கு 59 கடல்மைலுக்குள் இருந்தால் போதும். விமானங்கள் அதற்கு முன்பே பருக்கத் தொடங்கிவிட்டன. 1,100 பவுண்டில் பறந்த 701-இன் வழித்தோன்றலான சூப்பர் டியூட்டியின் முழு எடை 1,900 பவுண்டு. குறைந்த எடையே முதல் அறம் என்று தொடங்கிய குடும்பத்தில், இன்று எடையைச் சக்தி ஈடுகட்டுகிறது.

இந்தியாவில் இந்த வகையைப் பார்த்தவர்கள் குறைவு என்றாலும் அது முற்றிலும் அந்நியமில்லை. என்.சி.சி. வான்பிரிவு மாணவர்களைப் பறக்கவைத்த ஜென் ஏர் மைக்ரோலைட், ஹைன்ட்ஸின் இதே 701 தான். அங்கே அது வீட்டில் கட்டியதல்ல, பயிற்சிக்கு வாங்கியது. என்றாலும் முதல்முறை தரையைவிட்டு எழுந்த பல மாணவர்களின் நினைவில் அந்தத் தடித்த இறக்கை இருக்கும்.

எதற்காகக் குறுகிய ஓட்டம் என்ற கேள்விக்கான பதிலும் மாறியிருக்கிறது. அலாஸ்காவில் ஆற்று மணல்திட்டில் இறங்குபவருக்கு அது பிழைப்பு. தபால், உணவு, வேட்டையாடிய இறைச்சி, நோயாளி எல்லாமே அந்தத் திட்டிலிருந்து ஏற்றப்பட வேண்டும். அவருக்கு இருந்த இடமே அவ்வளவுதான். வால்டஸ் ஊரில் மே மாதம் நடக்கும் போட்டி அந்தப் பிழைப்பிலிருந்து பிறந்தது. இன்று அது தனி விளையாட்டு. 2018-இல் அங்கே ஒரு விமானம் எழுந்த ஓட்டமும் இறங்கிய ஓட்டமும் சேர்ந்து சுமார் 20 அடி. அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு விமானம் தேடத் தொடங்குபவர்கள் இப்போது அதிகம். ஆனால் அந்த 20 அடி கடல்மட்டத்துக் குளிர்காற்றில், எதிர்க்காற்றின் உதவியோடு, தேவைக்கு மேல் எதையும் சுமக்காத விமானத்தில் சாதித்தது. முகாம் சாமான், மனைவி, நான்கு மணி நேர எரிபொருள் ஆகியவற்றோடு போகிறவரின் கணக்கு வேறு.

ஐடஹோ மலைகளில் விமானிகள் விரும்பிப் போகும் ஜான்சன் கிரீக் புல் ஓடுதளத்தின் நீளம் 3,400 அடி. சாதாரண நான்கு இருக்கை செஸ்னாவே இறங்கும் தூரம். அங்கே சிக்கல் உயரம்: கடல்மட்டத்திலிருந்து 4,900 அடிக்கு மேல். கோடை வெயிலில் காற்று மேலும் மெலிந்துவிடும். எஞ்சின் மூச்சு வாங்கும். இறக்கைக்குப் பிடிமானம் குறையும். பள்ளத்தாக்கின் சுவர்கள் அருகில் நிற்கும். அங்கே வேண்டியது 20 அடியில் நிற்கும் திறமை அன்று, முழுச் சுமையோடு ஏறும் திறமை. அந்த மலைக்குப் போய்ச் சேரவே பல மணி நேரம் பறக்க வேண்டியவருக்கு, மணிக்கு 80 மைல் என்பது பொறுமைச் சோதனையும்கூட. சில நாள் போட்டிக்காக வாங்கிய இறக்கையை மீதி நாளெல்லாம் காற்றில் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

பழைய வரைபடக்காரர் இந்தப் பொறியில் அவ்வளவாகச் சிக்கவில்லை. அவர் புத்திசாலி என்பதால் அல்ல. தேர்ந்தெடுக்க அதிகம் இல்லாததாலும், கட்டும் ஆண்டுகளில் தனக்கு எது தேவை என்று யோசிக்க நேரம் இருந்ததாலும். இன்றைய தேர்வாளருக்குப் பாதுகாப்பான எஞ்சின், நேரான இறக்கை, வேகத்தையும் இறக்கையின் கோணத்தையும் ஒரே திரையில் காட்டும் கருவி, கட்டி முடித்துவிடுவோம் என்ற உறுதி எல்லாம் கிடைத்திருக்கின்றன. அந்த யோசிக்கும் காலம் மட்டும் கிட்டோடு சேர்ந்து வருவதில்லை. அதை அவரே ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

ஆகவே இந்த ஆசை உள்ளவர்களுக்கு ஒன்று சொல்லலாம். விமானத்தைப் பார்க்கும் முன் நிலத்தைப் பாருங்கள். அடிக்கடி இறங்கப்போகும் ஓடுதளத்தின் நீளத்தையும் உயரத்தையும், அங்கே எடுத்துப்போகும் சுமையையும், வீட்டிலிருந்து அதற்குள்ள தூரத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஓடுதளம் உண்மையிலேயே 300 அடி என்றால் ஸ்லாட் வைத்த விமானம் உங்களுடையது. 1,500 அடியும் இருநூறு மைல் பயணமும் என்றால் கிட்ஃபாக்ஸ் போன்ற மெலிந்த இறக்கை உங்களுக்கு நல்லது. உயரமும் சுமையும் என்றால் எஞ்சினுக்குச் செலவிடுங்கள். அதன்பின் ஒரு சுக்கானைக் கட்டிப் பாருங்கள். அந்த இரண்டு நாளும் மகிழ்ச்சியாகக் கழிந்தால் மட்டும் முன்பணம் கட்டுங்கள்.